மனோதர்ம இசைச் சிகிச்சை

ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு, எழுதிவைக்காத இசையை அந்தந்த நொடியில் உருவாக்கி விளையாடும் முறை. அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃப், ஆங்கிலேயச் சிறப்புக் கல்வியாளர் கிளைவ் ராபின்ஸ் இருவரும் 1959இல் இங்கிலாந்தின் சன்ஃபீல்டு குழந்தைகள் இல்லத்தில் இதைத் தொடங்கினர்.

குழந்தை மேளத்தை ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்வதில்லை. சிகிச்சையாளர் பியானோவில் அதே தாளத்தைப் பிடித்துக்கொள்வார். பிறகு வேகத்தைச் சற்றே கூட்டுவார், எதிர்பார்க்கும் இடத்தில் ஒரு தட்டை விழுங்கிவிடுவார், அல்லது சும்மா காத்திருப்பார். பழகிய ஒன்று துளி மாறும்போது குழந்தை தானும் மாற்றிப் பார்க்கிறது; சில சமயம் சிரித்தும்விடுகிறது. விடாப்பிடியான ஒழுங்கு இளகத் தொடங்கும் இடம் அதுதான். மாற்றம் பெரிதானால் குழந்தை மிரளும். ஒலியைத் தாங்காத காதுகள் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். பேச்சு வராத குழந்தையும் இதில் சமபங்காளி என்பதே இம்முறையின் பெரிய பலம்.

இதை மருந்தாக விற்பது தவறு. 9 நாடுகளில் 4 முதல் 7 வயதுவரையான 364 குழந்தைகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், 5 மாதச் சிகிச்சைக்குப் பின்னும் சமூக உறவாடல் சார்ந்த அறிகுறிகள், பெற்றோருக்கான ஆலோசனையோடு கூடிய வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி குறையவில்லை.