தலைப்பாகையும் எங்க ஊர் நாமமும்

சீக்கியர் என்றதும் நமக்கு ஒரே மாதிரி தலைப்பாகைதான் ஞாபகம் வரும். நெற்றியில் கூராக முடியும், பக்கவாட்டில் மடிப்பு மடிப்பாக... சினிமாவில் காட்டுவதும் அதுதான். ஆனால் அவர்களுக்குள்ளேயே பல கட்டு இருக்கிறது. நிஹாங்குகள் நீலத் துணியில் உயரமாக 'துமாலா' கட்டி, அதில் இரும்புச் சக்கரம் மாட்டுவார்கள். நாம்தாரிகள் வெள்ளைத் துணியை நெற்றிக்குக் குறுக்கே நேராகக் கட்டுவார்கள். பட்டியாலா கட்டு வேறு.

இதில் சண்டை இல்லையா என்றால், உண்டு. ஆனால் பெரும்பாலும் கட்டும் விதத்தில் இல்லை. சிரோமணி குருத்வாரா கமிட்டி 1945-ல் ஏற்றுக்கொண்ட நடத்தை விதிகள், ஆண்கள் தலைப்பாகை கட்ட வேண்டும், பெண்கள் விருப்பப்பட்டால் கட்டலாம் என்கின்றன. அகண்ட கீர்த்தனி ஜதா என்ற பிரிவு இதை ஏற்பதில்லை. 'கேஸ்கி' என்ற சிறு தலைப்பாகை ஐந்து அடையாளங்களில் ஒன்று, பெண்களும் கட்டியே ஆக வேண்டும் என்பது அவர்கள் கட்சி. நாம்தாரிகளோடு மற்றவர்களுக்கு உள்ள பிணக்கும் வெள்ளைத் துணியால் வந்ததல்ல. இன்றைக்கும் மனித குரு உண்டா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு எங்க ஊர்தான் கண்முன் வந்தது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் நாமமும் இப்படித்தான், பார்த்தவுடன் ஆளைச் சொல்லிவிடும். வடகலை நாமம் ஆங்கில 'யூ' எழுத்து மாதிரி புருவ மத்தியில் வளைந்து நிற்கும். தென்கலை நாமத்துக்குப் பாதம் உண்டு, மூக்கின் மேல் இறங்கும். அவ்வளவுதான் வித்தியாசம்! ஆனால் இது கோர்ட் வரை போய்விட்டது.

ஏன்? தலைப்பாகை அவரவர் துணி, அவரவர் தலை. நாமமோ நெற்றியோடு நிற்கவில்லை. சுவர், வாகனம் என்று எல்லாருக்கும் பொதுவான பொருளிலும் போட வேண்டியிருக்கிறது. (கோயில் யானைக்கு எந்த நாமம் என்ற கதை தெரியாதவர் எங்க ஊரில் கிடையாது.) பரம்பரை தர்மகர்த்தாக்களான தாத்தாச்சாரியார்கள் வடகலை. பிரபந்தம் ஓதும் அத்யாபக மிராசு தென்கலையாருடையது. மிராசு என்பது வெறும் மரியாதை இல்லை, பரம்பரையாக வரும் உரிமை, அதற்கென வரும்படியும் உண்டு. நான் காமர்ஸ் படிப்பதாலோ என்னவோ, சண்டையின் வேர் இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. ஓதுவதற்கு முன் மணவாள மாமுனிகளைப் போற்றும் தனியனா, வேதாந்த தேசிகரைப் போற்றும் தனியனா? அதைச் சொல்வது யார்? இதைவிட்டு மூக்கின் மேல் இருக்கும் கோட்டை மட்டும் பார்த்துச் சிரிப்பது சுலபம்.

சீக்கியர்களும் பொதுச் சொத்துக்காகப் போராடினார்கள். மஹந்துகள் கையில் இருந்த குருத்வாராக்களை மீட்க 1920-களில் பலர் உயிர் விட்டார்கள். 1925-ல் குருத்வாரா சட்டம் வந்தது. அங்கே கேள்வி நிர்வாகம் யாரிடம் என்பது. தலைப்பாகைக் கட்டு அதற்குள் வரவில்லை.

இங்கே சென்னை உயர் நீதிமன்றம் ஓதும் உரிமை பற்றி 1882-லேயே தீர்ப்புச் சொன்னது. அதோடு முடியவில்லை. 2022 மே மாதம் பிரம்மோற்சவ நேரத்தில், யார் எங்கே உட்கார்ந்து ஓதலாம் என்று மறுபடி அதே நீதிமன்றத்துக்குப் போனார்கள். 140 வருஷ வக்கீல் ஃபீஸை யாராவது கூட்டிப் பார்த்தால் தேவலை!