நான்கு வரிசையைக் கண்டுகொண்ட கண்

லெப்டினன் அட்னான் பின் சைடி 1915இல் காஜாங்கை அடுத்த சுங்கை ராமால் கம்பத்தில் பிறந்தவர். ஆசிரியராக இருந்தவர், 1933இல், 18 வயதில், மலாய் ரெஜிமெண்டில் சேர்ந்தார். போர்ட்டிக்சனில் 25 பேரோடு அந்தப் படை தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். மறு ஆண்டே சிறந்த பயிற்சி வீரர் என்று பெயரெடுத்தார். 1937இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு அணிவகுப்புக்காக லண்டன் சென்ற மலாய் வீரர்களில் அவரும் ஒருவர். அவரைப் பற்றி எழுதுவோர் இந்த அணிநடைத் தேர்ச்சியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது பெரும் பிழை.

1942 பிப்ரவரி 14. கோலாலம்பூர் ஜனவரி 11ஆம் தேதியே விழுந்துவிட்டது. அட்னானின் சொந்த ஊர் ஒரு மாதமாக ஜப்பானியர் கையில். சிங்கப்பூரில் ஜப்பானியத் தளபதி முத்தாகுச்சியின் 18ஆம் டிவிஷன் பாசிர் பாஞ்சாங் மேட்டின் வழியே நகரை நெருங்கியது. மேட்டின் கோடியில் புக்கிட் சண்டு, அடிவாரத்து அபின் ஆலையால் வந்த பெயர். அதற்குப் பின்னால் பிரிட்டிஷாரின் அலெக்சாண்ட்ரா ராணுவத் தளம்: வெடிமருந்துக் கிடங்கு, ராணுவ மருத்துவமனை. குன்றைக் காத்த சி கம்பெனியில் அட்னானுடையது 7ஆவது பிளாட்டூன். நோர்மண்டன் கிடங்கின் எண்ணெய் பெரிய கால்வாயில் எரிந்தபடி ஓட, பின்வாங்கும் வழியும் அடைபட்டிருந்தது.

பிற்பகலில் தலைப்பாகை கட்டிய ஓர் அணி குன்றை நோக்கி வந்தது. பார்வைக்குப் பஞ்சாப் படையினர். நேச நாட்டு வீரர்கள். ஆனால், நான்கு நான்கு பேராக நடந்து வந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியப் படை மூன்று மூன்றாக நடப்பதே அப்போதைய வழக்கம். லண்டன் வீதியில் அணிவகுத்தவரின் கண்ணுக்கு அந்த ஒரு வரிசை போதுமானதாக இருந்தது. மாறுவேட ஜப்பானியர் அருகே வரும்வரை காத்திருந்து, லூயிஸ் துப்பாக்கிகளை முழங்கவிட்டார். வந்தவர்களில் பலர் அங்கேயே விழுந்தனர், மற்றவர்கள் சிதறினர்.

இரண்டு மணி நேரத்தில் பெருந்தாக்குதல் தொடங்கியது. தோட்டா தீர்ந்தபின் கையெறி குண்டு, அதுவும் தீர்ந்தபின் துப்பாக்கி முனைக் கத்தி. அட்னான் பலத்த காயமடைந்தார். ஆனாலும் இடத்தைவிட்டு நகர மறுத்து, தம் ஆட்களை ஊக்கப்படுத்தினார். பிடிபட்ட அவரைக் கத்தியால் குத்திக் கொன்றதோடு, உடலை மரத்தில் தொங்கவிட்டார்கள் ஜப்பானியர். காயம்பட்டுக் கையில் சிக்கிய ஒருவரிடம் காட்டிய இந்தக் கொடூரத்துக்கு எந்தப் போர் நியாயமும் பொருந்தாது. பிணங்களிடையே இறந்தவர் போலக் கிடந்து உயிர் தப்பிய கோர்ப்பரல் யாக்கோப், பின்னாளில் அந்தப் போருக்குச் சாட்சியானார்.

அன்றே ஜப்பானியர் அலெக்சாண்ட்ரா மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளையும் ஊழியர்களையும் கொன்றார்கள். மறுநாள் மாலை, புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்தார். அட்னானின் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி போர் நினைவிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. மலேசியத் தரைப்படையின் கவச வாகனம் ஒன்றும் அட்னான் என்றே அழைக்கப்படுகிறது.