இடுப்புப் பட்டியில் ஒரு மழைப் பாம்பு

ரொம்மன் பிள்ளைகள் பலர் பாடசாலையோடு கொன்-திக்கி அருங்காட்சியகம் போயிருப்பீர்கள். ஹையர்டாலின் அந்தத் தெப்பம் 1947இல் பெருவிலிருந்து புறப்பட்டது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அமெரிக்கப் பழங்குடிகளின் கலையைத் தேடிப்போன இன்னொரு நோர்வேக்காரர் இருக்கிறார்: கார்ல் லும்ஹோல்ட்ஸ்.

1851இல் லில்லஹம்மருக்கு அருகே பிறந்தவர். கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், இறையியல் படித்தார், போதகர் ஆகவில்லை. 1880இல் விலங்குகள் சேகரிக்க அவுஸ்திரேலியா போனார். அங்கே மரத்தில் வாழும் ஒரு கங்காருவுக்கு இன்றும் அவர் பெயர்தான்!

1890இல் மெக்சிக்கோ மலைகளுக்குப் பெரிய கூட்டத்தோடு புறப்பட்டார். பிறகு கூட்டத்தை விட்டுவிட்டு மலைமக்களோடேயே தங்கினார். அவருடைய உண்மையான வேலை அங்கேதான் தொடங்கியது என்பேன்.

கொலம்பஸ் வருவதற்கு முந்திய வழிபாட்டை உய்ச்சோல் மக்கள் அப்போதும் கைவிடவில்லை. அவர்கள் நெய்த இடுப்புப் பட்டிகளைப் பார்த்து ‘வடிவான கோலம்’ என்று எழுதிவிட்டு அவர் வந்திருக்கலாம். ஆனால் அந்த மக்களிடமே விளக்கம் கேட்டார். பட்டி என்பது பாம்பு. பாம்பு மழையைக் கொண்டுவரும். ஆகவே பட்டி மழைக்கான வேண்டுதல். அம்பு, கிண்ணம், குழந்தைகளுக்காக நூல் சுற்றிச் செய்யும் ‘கடவுளின் கண்’ எல்லாமே வேண்டுதல்கள்தான். இவற்றை 1900இலும் 1904இலும் இரண்டு ஆய்வுகளாக வெளியிட்டார்.

எனக்கு உறுத்துவது வேறு. அவர் சேகரித்த பொருட்கள் நியூயோர்க் அருங்காட்சியகத்துக்குப் போயின. 1902இல் வந்த பயண நூலுக்கு அவர் வைத்த பெயர் ‘அறியப்படாத மெக்சிக்கோ’. யாரால் அறியப்படாதது? பட்டி நெய்த பெண்ணாலா?