பேராக்கின் அஸ்லி மொழிகள்: வகைப்பாடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் வாழும் ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடியினரில் பெரும்பாலோர் பேசுபவை அஸ்லி மொழிகள். தாப்பா, பீடோர் பக்கம் செமாயும், உலு கிந்தா, சுங்கை சிப்புட் மலைகளில் தெமியாரும் வழங்குகின்றன. வடக்கே பெலும்–தெமெங்கோர் காடுகளில் ஜஹாயும், லெங்கோங், கிரிக் வட்டாரத்தில் லானோவும் பேசப்படுகின்றன. சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கு இம்மக்கள் அண்டை அயலார். ஆனாலும் இவர்கள் பேசுவது மலாயின் ஒரு வட்டார வழக்கு என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. அது தவறு.

மலாய் ஆஸ்திரோனேசியக் குடும்பத்து மொழி. அஸ்லி மொழிகளோ மோன், கெமர், வியட்நாமியம், மேகாலயாவின் காசி, ஜார்க்கண்டின் முண்டாரி ஆகியவை அடங்கிய ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மோன், கெமர் மொழிகளோடு இவற்றுக்குள்ள உறவை 1901இல் வில்ஹெல்ம் ஷ்மிட் விரிவாக எடுத்துக்காட்டினார். கண்ணைக் குறிக்கும் செமாய்ச் சொல் 'மாட்', காசியில் 'க்மாட்'. மலாயின் 'மாத்தா'வும் இதே சாயலில் இருப்பதால், ஒரு சொல்லை மட்டும் வைத்து உறவு சொல்வது ஆபத்து. அடிப்படைச் சொற்களையும் ஒலி மாற்றங்களையும் மொத்தமாக ஒப்பிட்டே குடும்பம் தீர்மானிக்கப்படுகிறது.

1970களில் ஜெஃப்ரி பெஞ்சமினும் ஜெரார் டிஃப்ளோத்தும் இம்மொழிகளை வடக்கு, நடு, தெற்கு என மூன்றாகப் பிரித்தனர். ஜஹாய், கின்தாக் ஆகியவை வடக்கு. செமாய், தெமியார், லானோ நடு. பேராக்குக்கு வெளியே பேசப்படும் மா மெரி, செமெலாய் தெற்கு. பகாங்கின் ஜா ஹுட் எங்கே சேரும் என்பதில்தான் இழுபறி. அதைத் தனிக்கிளையாகக் கொள்வோர் உண்டு. 2011இல் மைக்கேல் டன், நிக்லாஸ் புரென்ஹுல்ட் குழுவினர் சொற்பட்டியல்களைக் கணினிவழி ஒப்பிட்டபோதும் அந்த மூன்று பிரிவுகளும் பெரிதும் நிலைத்தன.

சிக்கல் அரசுப் பட்டியலில் இருக்கிறது. நிர்வாகம் ஒராங் அஸ்லியரை நெகிரிட்டோ, செனோய், மலாய்-புரோட்டோ என மூன்று பெரும்பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஆறு இனங்களை வைத்திருக்கிறது. தோற்றத்தையும் வாழ்முறையையும் பார்த்து எழுந்த இந்தப் பிரிவுகள் மொழிக்குப் பொருந்துவதில்லை. லானோ மக்கள் பட்டியலில் ஜஹாய்களோடு நெகிரிட்டோ. மொழியிலோ தெமியாருக்கு நெருங்கியவர்கள். செமெலாய் பட்டியலில் மலாய்-புரோட்டோ, மொழியில் அசல் அஸ்லி.

வடகிழக்கு இந்தியாவின் நாகா மொழிகளிலும் இதே முரண் உண்டு. நாகா என்பது மக்களுக்கான பொதுப்பெயர். திபெத்திய-பர்மியக் குடும்பத்துக்குள் ஆவோ, அங்காமி, தங்குல் ஒருபக்கம் நிற்க, கொன்யாக் போடோ–காரோ மொழிகளின் பக்கம் சேர்க்கப்படுகிறது.

கிளைப்படம் காட்டாத உறவுகளும் உண்டு. செமாய், தெமியார் பேச்சில் மூன்றுக்கு மேற்பட்ட எண்கள் மலாயிலிருந்து வந்தவை. மேல் பேராக்கில் தெமியார் பொதுமொழியாகப் பரவியதால் லானோ மக்களில் பலர் அதற்கு மாறியிருக்கிறார்கள். லானோவுக்கு நெருங்கிய செம்னாமைப் பேசுவோர் சில நூறு பேரே.