குமரிமுனையின் மணலும் மலையும்: தொன்மம் எதற்குச் சாட்சி?

தொன்மங்களை நிலவியலோடு இணைத்துப் படிக்கும் முயற்சியை 1968-இல் ஒரு தனித் துறையாகப் பெயரிட்டு முன்வைத்தவர் அமெரிக்க நிலவியலாளர் டோரதி விட்டாலியானோ. 1973-இல் வந்த அவரது நூலுக்குப் பின் இத்துறையினர் பெரும்பாலும் ஒன்றையே தேடி வந்துள்ளனர்: எரிமலை வெடிப்பு, நிலநடுக்கம், கடல்கோள் போன்ற ஒரு நிகழ்ச்சியின் நினைவு கதைக்குள் புதைந்திருக்கிறதா என்பதை. குமரிமுனை வட்டாரத் தொன்மங்களுக்கு இந்தத் தேடல் பொருந்தாது என்பது இக்கட்டுரையின் வாதம். இங்குள்ள கதைகளில் நம்பத்தக்கது கண்ணெதிரே கிடக்கும் பொருளைப் பற்றிய கூர்மையான கவனிப்பு மட்டுமே. கவனிப்பையும் அதற்குக் கதை கற்பிக்கும் காரணத்தையும் பிரித்து எடைபோட வேண்டும். மணல், மலை, மூழ்கிய நிலம் ஆகிய மூன்றைக் கொண்டு இதைச் சோதிக்கலாம்.

1. மணல்

குமரிப் பகவதிக்கும் சுசீந்திரத்துச் சிவனுக்கும் நள்ளிரவு கடந்து முகூர்த்தம். பாணாசுரனைக் கன்னி ஒருத்தியே கொல்ல முடியும் என்பதால் திருமணத்தைத் தடுக்க எண்ணிய நாரதர் சேவலாகக் கூவுகிறார். விடிந்துவிட்டதென்று மாப்பிள்ளை வழியிலேயே திரும்பிவிடுகிறார். விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் பிற பண்டங்களும் கரையில் கொட்டப்பட்டுப் பல நிற மணலாயின என்பது கதை. முக்கடல் கூடும் துறையில் இன்றும் இம்மணலைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள்.

அலை வடிந்த ஈரக் கரையில் குனிந்து பார்த்தால், ஒரே அடி அகலத்துக்குள் வெளிர் மணலும் சிவப்புக் கீற்றும் கரிய வரியும் அடுத்தடுத்துக் கிடப்பது தெரியும். நொய் போன்ற வெள்ளைப் பரல்கள் பெரும்பாலும் குவார்ட்ஸ்; சிவப்பு, கார்னெட்; கறுப்பு, இல்மனைட். இவற்றோடு சிர்கானும் மோனசைட்டும் கலந்திருக்கும். இவற்றின் பிறப்பிடம் உள்நாட்டு மலைப் பாறைகள். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருநிலம் ஒன்றுகூடிய காலத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய சார்னோகைட், கொண்டலைட், கார்னெட் நைஸ் பாறைகள் அவை. மழையில் சிதைந்த துகள்களைப் பழையாறும் வள்ளியாறும் குழித்துறைத் தாமிரபரணியும் கடலில் சேர்க்கின்றன. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65, இல்மனைட்டுக்கு 4.7 அளவில், மோனசைட்டுக்கு அதைவிடச் சற்று அதிகம். தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் கனமற்றதை அள்ளிச் சென்று கனமானதைக் கரையில் விடுகின்றன. முறத்தில் புடைப்பது போன்ற வேலைதான். காற்றுக்குப் பதில் நீர்.

இந்த மணல் சாதாரண மணல் அன்று, வேறெங்கிருந்தோ வந்து தானியம் போல வகைவகையாகப் பிரிந்து கிடக்கிறது என்ற அளவில் தொன்மத்தின் கவனிப்பு சரி. ஜெர்மன் வேதியியலாளர் ஷாம்பெர்க் 1909-இல், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அதில் தோரியம் இருந்தது. அன்றைய எரிவாயு விளக்கின் வலைத்திரிக்குத் தோரியம் தேவைப்பட்டது. மணவாளக்குறிச்சி மணல் தொழில் அப்படித்தான் பிறந்தது. மணல் வேறுபட்டது என்பதை அவருக்கு முன்பே கரைவாசிகள் கண்டிருந்தனர். ஏன் என்பதைத்தான் வேதியியல் சொன்னது. தொன்மம் பிழைபடுவதும் அந்த ‘ஏன்’-இல்தான். ஓர் இரவில் ஒரே முறை நடந்ததாக அது சொல்வது, ஆறும் அலையும் ஆண்டுதோறும் திரும்பச் செய்யும் வேலை.

கதையின் பழமையிலும் எச்சரிக்கை தேவை. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளஸ், குமரியில் ஒரு தெய்வம் நீராடியதாகவும் அதனால் பலர் அங்கு வந்து நீராடித் துறவு பூணுவதாகவும் கூறுகிறது. கன்னித் தெய்வ மரபின் தொன்மைக்கு இது சான்று. மணலைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆகவே மணல் கதைக்கு அந்த வயதைக் கொடுக்க முடியாது.

2. மலை

முனைக்கு அருகில் சமவெளியில் தனித்து எழுகிறது மருந்துவாழ்மலை. அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு அது என்பர். நிலவியல் நோக்கில் அது விழுந்தது அன்று, எஞ்சியது: சுற்றியிருந்த பாறை நெடுங்காலமாக அரித்துப் போக, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் நின்றுவிட்ட எச்சக்குன்று. இங்கும் காரணம் தவறு, கவனிப்பு சரி. தொடரோடு ஒட்டாத மலை, மூலிகை மிகுந்த மலை என்ற இரண்டையும் கதை பிடித்துவைத்திருக்கிறது.

இது தற்செயல் இல்லை என்பதற்கு இலங்கை சான்று தருகிறது. இதே கதை அங்கே காலிக்கு அருகில் கடலோரத்தில் நிற்கும் ருமஸ்ஸல குன்றுக்கும், அநுராதபுர மாவட்டச் சமவெளியில் தனித்தெழும் ரிட்டிகலவுக்கும் சொல்லப்படுகிறது. ரிட்டிகலவின் உச்சி ஈரம் மிக்கது. அங்குள்ள செடிகொடிகள் அடிவாரத்து வறண்ட காட்டினின்று வேறுபட்டவை. ஊர் ஊராகச் சென்ற கதை, சூழலோடு பொருந்தாத மலையாகப் பார்த்து இறங்கியிருக்கிறது.

3. மூழ்கிய நிலம்

பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் குறிக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்ததும், முனைக்குத் தெற்கே வாட்ஜ் திட்டு என்ற ஆழமற்ற கடற்பரப்பு இருப்பதும் உண்மை. இவ்விரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றும். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் கதைகள் 7,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கடல் ஏற்றத்தை நினைவில் வைத்திருப்பதாக நன், ரீட் ஆகிய ஆய்வாளர்கள் வாதிட்டிருப்பதையும் துணைக்கு அழைக்கலாம். அவர்களது வாதத்தின் வலிமை, கரையோரமெங்கும் 21 இடங்களின் கதைகளை அந்தந்த இடத்தின் நில அமைப்போடு ஒப்பிட்டதில் இருக்கிறது. குமரிக்கு அத்தகைய இடக்குறிப்பு இல்லை. இருக்கும் விவரமோ காலம் செல்லச் செல்லப் பெருகுகிறது: காப்பியத்தில் ஓர் ஆறும் மலையும், உரையாசிரியர் அடியார்க்கு நல்லாரிடம் 700 காவதமும் 49 நாடுகளும், இருபதாம் நூற்றாண்டில் ஒரு கண்டம். அந்தக் கண்டத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட லெமூரியா, விலங்குகளின் பரவலை விளக்க விலங்கியலாளர் ஸ்கிலேட்டர் 1864-இல் முன்வைத்த ஊகம். கண்டங்கள் நகர்ந்தன என்று நிறுவப்பட்டதும் அதன் தேவையே போயிற்று.

சிறிய அளவில் கரை இழந்த அனுபவம் சிலப்பதிகாரக் குறிப்புக்குப் பின்னால் இருக்கலாம். ஆனால் மணலையும் மலையையும் போல, சொன்னவரும் கேட்டவரும் கண்டு ஒப்பிடக்கூடிய பொருள் இதில் இல்லை. கதையை நிலம் திருத்தவும் வழியில்லை. எனவேதான் அது கட்டற்று வளர்ந்தது.

முடிவு

ஆக, குமரித் தொன்மங்களின் சான்று மதிப்பு அவற்றின் பழமையைப் பொறுத்ததன்று. கதை சுட்டும் பொருள் இன்னும் அதே இடத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. நாட்டார் வழக்காறுகளைத் தொகுப்போர் கதையின் பாடபேதங்களோடு நிறுத்தாமல், அது எந்தத் துறையை, எந்தப் பாறையை, எந்தப் பருவத்து மணலைச் சுட்டுகிறது என்பதையும் குறிக்க வேண்டும். மணல் அகழ்வுக்கு முன் செய்யப்படும் கள ஆய்வுகளிலும் இக்குறிப்புகள் இடம்பெற வேண்டும். பொருள் அகற்றப்பட்ட பிறகு, இன்று சோதித்துப் பார்க்கக்கூடிய மணல் கதையும் கடல் கொண்ட நிலத்தின் கதையைப் போல ஒப்பிட ஏதுமற்றதாகிவிடும்.