உடைந்த குடும்பமா, உடைக்கப்பட்ட குடும்பமா?

1965இல் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் உதவிச் செயலராக இருந்த மொய்னிஹன், ‘நீக்ரோ குடும்பம்’ பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அடிமை முறையையும் வேலையின்மையையும் அது மறைக்கவில்லை. ஆனாலும் குடும்பத்தின் பலவீனத்தையே சீர்கேட்டின் மையமாக வைத்தது. காரணங்கள் பின்னுக்குப் போயின. ‘தகப்பனில்லாத வீடு, தாயின் ஆட்சி’ என்ற முத்திரை நிலைத்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, மிசிசிப்பியின் கிராமப்புறத்தில் வளர்ந்த ஆன் மூடி என்ற கறுப்பினப் பெண்ணின் தன்வரலாறு வெளிவந்தது. முத்திரை குத்தத் தோதான எல்லாமே அதில் உண்டு. தகப்பன் வேறொரு பெண்ணோடு போய்விடுகிறார். தாய் பிள்ளைகளோடு வீடு மாறிக்கொண்டே இருக்கிறார். மூடி எதையும் பூசிமெழுகவில்லை. ஆனால் பக்கத்திலேயே உழைப்பின் கணக்கையும் வைக்கிறார். வெள்ளை நிலவுடைமையாளரிடம் வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பம் அது. பெற்றோர் வயலில் கிடக்க, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவன் எட்டு வயதுச் சிறுவன். தாய் உணவு விடுதியிலும் வெள்ளையர் வீடுகளிலும் பாடுபட்டும் வயிறு நிறையவில்லை. மகளும் சிறுவயதிலேயே வெள்ளையர் வீட்டு வேலைக்குப் போகிறாள்.

மாற்றாந்தகப்பனின் வீட்டார் சற்றே வெளுத்த நிறத்தவர். கறுத்த மருமகளை மதிக்கவில்லை. ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் ஏறுவரிசை, இறங்குவரிசை உண்டு என்பதை அண்ணலைப் படித்த நமக்கு விளக்க வேண்டியதில்லை.

தாயின் மௌனத்தை எப்படிப் படிப்பது? 1955இல் பதினான்கு வயது எம்மெட் டில் கொல்லப்பட்டபோது, ஒன்றும் தெரியாதது போல வேலையைப் பார் என்றே மகளிடம் சொல்கிறார். மகள் கல்லூரியில் உரிமை இயக்கத்தில் சேர்ந்ததும், காவல் அதிகாரி தாயின் வீட்டு வாசலுக்கு வந்து மிரட்டுகிறார். ஊருக்கே வராதே என்று தாய் கடிதம் எழுதுகிறார். என்ன விலை கொடுக்க நேரும் என்று அறிந்தவரின் அச்சம் அது. அறிக்கையின் அட்டவணையில் இதற்கு இடமில்லை. அந்த மகள்தான் 1963இல் ஜாக்சன் நகர உணவகத்தில், வெள்ளையர் கும்பலின் தாக்குதலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

1972இல் பம்பாயில் தலித் பாந்தர் தோழர்கள் கறுப்பர் போராட்டத்திடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். தன்வரலாற்றைப் படிக்கும் முறையையும் நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். ‘குடிகாரத் தகப்பன், பொறுப்பில்லாத குடும்பம்’ என்று நம் சேரிகளைப் பற்றியும் எழுதுகிறார்கள். அதற்குப் பயந்து வீட்டுச் சண்டைகளை மறைக்க வேண்டாம். மாணவத் தோழர்களே, அவற்றையும் எழுதுங்கள். கூலி எவ்வளவு, நிலம் யாருடையது, வாசலில் வந்து மிரட்டியவர் யார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.