மாடுகளில் இரத்தசோகை: காரணம் அறிய ஸ்கேன் எப்போது உதவும்?

கறவை மாடு தீவனத்தைக் குறைக்கிறது, பால் இறங்குகிறது, சிறிது நடந்தாலே மூச்சு வாங்குகிறது. கண் இமையின் உட்புறம் வெளுத்திருக்கிறது. இது இரத்தசோகை. பலர் உடனே இரும்புச்சத்து டானிக் கொடுத்து ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் வளர்ந்த மாடுகளில் இரும்புச்சத்துக் குறைவு மட்டுமே காரணமாக இருப்பது அரிது. உண்ணி பரப்பும் நோயாக இருந்தால், அந்த ஒரு வாரத்தில் மாட்டையே இழக்க நேரிடலாம்.

இரத்தசோகை ஓர் அறிகுறிதான். இரத்தம் வெளியேறுகிறதா, உடலுக்குள் அழிகிறதா, போதிய அளவு உற்பத்தியாகவில்லையா என்று கண்டறிந்த பிறகே சிகிச்சை.

முதலில் செய்ய வேண்டியவை

இரத்தப் பரிசோதனை: மாட்டுக்கு ஹீமோகுளோபின் 100 மி.லி. இரத்தத்தில் 8 முதல் 15 கிராம் வரை இருப்பது இயல்பு. காது நுனி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தால் தைலேரியா, பபேசியா, அனாபிளாஸ்மா கிருமிகள் தெரியும். மருந்து போடும் முன்பே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

சாணப் பரிசோதனை: குடற்புழு, தட்டைப்புழு முட்டைகள் தெரியும்.

சிறுநீர்: சிவப்பாக இருந்தால் கண்ணாடிக் குவளையில் பிடித்து அசையாமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்தால் இரத்தம் கசிகிறது. படியாமல் காப்பி நிறமாகவே இருந்தால் இரத்த அணுக்கள் உடலுக்குள் அழிகின்றன.

ஸ்கேன் காட்டுபவை

இந்தப் பரிசோதனைகளில் காரணம் தெளிவாகாவிட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கைகொடுக்கும்.

* மண்ணீரல் (இடது விலாப் பகுதி): வீங்கியிருந்தால் இரத்த அணுக்கள் அழிகின்றன என்ற சந்தேகம் வலுக்கும்.
* கல்லீரல் (வலது விலாப் பகுதி): சீழ்க்கட்டி, தட்டைப்புழுவால் தடித்த பித்தநாளம்.
* இரண்டாம் வயிறு (நெஞ்சுக்குப் பின், அடிப்பகுதி): ஆணி, கம்பி விழுங்கியதால் சுற்றிலும் உண்டான சீழ், ஒட்டுதல்.
* சிறுநீர்ப்பை: சுவர் தடிப்பு, கட்டி. நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் பெரணிச் செடி மேயும் மாடுகளில் இரத்தச் சிறுநீருக்கு இது காரணமாகலாம்.

ஸ்கேன் காட்டாதவை

இரத்தத்தில் உள்ள கிருமி ஸ்கேனில் தெரியாது. வாயு நிறைந்த குடலுக்குள்ளும் ஒலி அலை ஊடுருவாது. எனவே வயிற்றுப்புண்ணில் இரத்தம் கசிவதை, சாணம் தார் போல் கருத்துப் போவதைக் கொண்டே பெரும்பாலும் சந்தேகிக்க வேண்டும். ஸ்கேன் மட்டும் எடுத்து இரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

ஆடு வளர்ப்போருக்கு

வெள்ளாடு, செம்மறியாட்டில் இமை வெளுத்து, தாடையில் நீர் கோத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு. ஒரு புழு நாளொன்றுக்கு சுமார் 0.05 மி.லி. இரத்தத்தை இழக்கச் செய்யும். ஆயிரம் புழு இருந்தால் 50 மி.லி. போகும். இங்கே ஸ்கேனுக்குச் செலவழிக்கும் முன் சாணத்தைப் பரிசோதியுங்கள்.

கவனிக்க

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் முடியை மழித்து ஜெல் தடவுவார்கள். வலி இல்லை, சினை மாட்டுக்கும் பாதிப்பில்லை. கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவ்வசதி உண்டு. மிகவும் வெளுத்துப்போன மாட்டை வெயிலில் நடத்தியோ நெடுந்தூரம் வண்டியில் ஏற்றியோ கொண்டு போகாதீர்கள். முதலில் உள்ளூர்க் கால்நடை மருத்துவரையோ, 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியையோ அழையுங்கள்.